மூன்று ஊராட்சிகள் சேர்ந்து பேரூராட்சி ஆனால்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்து இரண்டு ஊராட்சிகளையும் ஒன்றாக்கிப் பேரூராட்சி அமைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து பலரும் என்னிடம் கேட்கிறார்கள். ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, நூறு நாள் வேலை நின்றுவிடுமா?

நின்றுவிடும், அம்மா. மழுப்ப மாட்டேன். ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் ஊராட்சிப் பகுதிக்கு மட்டுமே உரியது. அந்தக் கூலியை நம்பி இருக்கும் வீடுகள் எத்தனை என்று இப்போதே கணக்கெடுத்துக் கிராமசபையில் பதிவு செய்யுங்கள்.

பட்டா, சிட்டாவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு. சர்வே எண்ணும் கிராம நிர்வாக அலுவலரும் அப்படியே இருப்பார்கள். "பட்டா செல்லாது" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

வீட்டு வரி ஏறுமா, அண்ணா?

பெரும்பாலும் ஏறும். பேரூராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. காலிமனைக்கும் வரி உண்டு. ஊராட்சிப் பதிவேட்டில் உங்கள் வீட்டின் அளவு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தலைவரை நாம்தானே தேர்ந்தெடுப்போம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் ஒவ்வொருவரும் நான்கு ஓட்டுப் போட்டோம்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சிக்காரர்களுக்கு ஒரே ஓட்டு. கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்; தலைவரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்த் தலைவரை நேரில் நிறுத்திக் கேள்வி கேட்டுப் பழகிய நமக்கு இது சிறிய இழப்பு அல்ல.

கிராமசபையும் போய்விடும். ஆண்டுக்கு ஆறு முறை, வாக்காளர் எவரும் எழுந்து கணக்குக் கேட்கக்கூடிய இடம் அது. நகர்ப்புறத்தில் அதற்குப் பதிலாகப் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பரில்தான் தொடங்கியது. பேரூராட்சி வந்தால் அந்தச் சபைக்குத் தவறாமல் போக வேண்டும். நாற்காலிகள் காலியாக இருந்தால் அடுத்த முறை கூட்டமே நடக்காது.

ஒகேனக்கல் தண்ணீர் என்ன ஆகும்?

தொடர்ந்து வரும். புளோரைடு கலந்த கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்காக 2013இல் தொடங்கிய திட்டம் அது. பேரூராட்சிகளுக்கும் கிராமங்களுக்கும் சேர்த்தே போடப்பட்டது. வீட்டு இணைப்புக் கட்டணத்தை மட்டும் புதிய நிர்வாகம் தீர்மானிக்கும்.

எங்கள் ஊர்ப் பெயர் அழிந்துவிடாதா?

ஓசூரோடு மத்திகிரி பேரூராட்சி இணைந்தது 2011இல். ஓசூர் 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணையை இன்றும் மத்திகிரிப் பண்ணை என்றுதான் சொல்கிறோம். பெயரைப் பற்றிய கவலையை விடுங்கள். சாலையோரப் புளியமரக் குத்தகை, ஏரி மீன் ஏலம், சந்தைச் சுங்கம் என்று ஊராட்சிக்கு வருமானம் தரும் ஒவ்வொன்றும் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத மரத்துக்கு நாளை யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா?

பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஆதரவு. அங்கே கடைகளும் பட்டறைகளும் பெருகி, சாக்கடைக்கும் குப்பைக்கும் ஊராட்சிப் பணம் போதவில்லை. மலையடிவாரக் குக்கிராமங்களைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு. ஒரு பகுதியை நகர்ப்புறமாக்கும்போது மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், வேளாண்மை அல்லாத தொழிலில் இருப்போர் விகிதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது அரசியலமைப்பின் 243கியூ பிரிவு. ராகியும் துவரையும் விதைத்து வாழும் அந்த ஊர்களில் இவற்றில் எது பொருந்துகிறது? அவற்றை அருகிலுள்ள ஊராட்சியில் சேர்க்கக் கோரித் தனித் தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு குக்கிராமத்தின் பெயரையும் அதில் எழுதுங்கள். ஒன்றும் விடுபட வேண்டாம்.