அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய பவுல் ஆட்டங்களுக்கு அணிகள் எப்படித் தகுதி பெறுகின்றன?

பவுல் என்பது சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம். சாதாரண பவுலுக்குப் போவது அவ்வளவு கஷ்டமில்லை. சீசனின் 12 ஆட்டங்களில் 6 ஜெயித்தால் போதும். கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணிகளை வென்றதில் ஒன்றுதான் கணக்கில் வரும். இடம் மீந்தால் 5 வெற்றி அணிகளையும் கூப்பிடுவார்கள். அதில் முன்னுரிமை, வீரர்களின் படிப்பு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது!

ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறும் வேறு கதை. 2024 சீசன் முதல், தேசிய சாம்பியனை முடிவு செய்யும் 12 அணி நாக்-அவுட் தொடரான பிளேஆஃபின் காலிறுதியும் அரையிறுதியும் இவற்றில்தான் நடக்கின்றன. 2024, 2025 சீசன்களில் கான்ஃபரன்ஸ் (அணிகளின் லீக் குழு) சாம்பியன்களில் தரவரிசையில் முந்திய ஐந்துக்கு இடம் உறுதி. மீதி ஏழைத் தேர்வுக்குழுவின் தரவரிசை முடிவு செய்தது. முதல் நான்கு அணிகள் நேரே காலிறுதிக்கு. மற்றவை முதல் சுற்றில் ஜெயித்தால்தான் பவுலையே பார்க்க முடியும்.

2024இல் அந்த நேரடி வாய்ப்பு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டுமே என்றிருந்தது. அதனால் 12ஆம் தரவரிசையில் இருந்த சாம்பியன் அரிசோனா ஸ்டேட் நான்காம் இடத்தில் உட்கார்ந்தது. அடுத்த வருடமே விதியை மாற்றிவிட்டார்கள்.

ஜெயித்துக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது. பிளேஆஃபில் நான்கே அணிகள் ஆடிய 2023இல், 13 ஆட்டமும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் குழு ஐந்தாம் இடத்தில் வைத்தது. அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயம்பட்டதுதான் காரணம். என்னைக் கேட்டால், அது அநியாயம்.