எழுதினேனா, எழுதிவிட்டேனா?

கேள்வி: அலுவலகத்துக்கு நாள்தோறும் ஜோசிப் ப்ரோஸ் டிட்டோ மார்க் வழியாகவே செல்கிறேன். யூகோஸ்லாவியத் தலைவராக இருந்த டிட்டோவின் மொழியான செர்போ-குரோவாசியத்தில் நாலு சொல்லாவது கற்போம் என்று, உடன் பணிபுரியும் பெல்கிரேடு தோழியிடம் கேட்டேன். எழுதுவதற்கு 'பீஸத்தி' என்றார். ஆனால், 'எழுதுகிறேன்' என்பது 'பீஷெம்' ஆகிவிடுகிறது. 'எழுதினேன்' என்பதற்கோ 'பீஸலா ஸம்', 'நபீஸலா ஸம்' என்று இரண்டு வடிவங்கள் சொல்கிறார். ஏன் இந்த வேறுபாடு?
– வாசகி, தெற்கு தில்லி

பதில்: முதலில் ஒலியைப் பார்ப்போம். பழைய ஸ்லாவிய மொழியில் இவ்வினையின் நிகழ்கால வடிவத்தில் 'ஸ்' ஒலியை அடுத்து ஒரு யகரம் இருந்தது. இரண்டும் கலந்து 'ஷ்' ஆயின. நம் பேச்சில் 'அடித்தான்' என்பது 'அடிச்சான்' ஆவதும், முன்னுள்ள இகரம் தகரத்தை அண்ணத்தை நோக்கி இழுப்பதால்தான். ஆகவே நிகழ்காலம் முழுவதும் ஷகரமே வரும்: பீஷெம் (எழுதுகிறேன்), பீஷெஷ் (எழுதுகிறாய்), பீஷெ (எழுதுகிறான், எழுதுகிறாள்), பீஷெமோ (எழுதுகிறோம்), பீஷெத்தெ (எழுதுகிறீர்கள்), பீஷு (எழுதுகிறார்கள்).

'பீஷெ' என்ற ஒரே வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்பதைக் கவனியுங்கள். இறந்தகாலத்திலோ தன்மையிலும் பால் வேறுபாடு உண்டு: பெண் 'பீஸலா ஸம்' என்பாள், ஆண் 'பீஸஓ ஸம்' என்பான். 'ஸம்' என்பது 'இருக்கிறேன்' என்ற துணைவினை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எழுதியவளாக இருக்கிறேன்' என்று வரும். தில்லியில் 'லிக்தா ஹூம்', 'லிக்தீ ஹூம்' என்று கேட்டுப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இராது. இந்தியில் நிகழ்காலத்திலும் வரும் அவ்வேறுபாடு இங்கே நிகழ்காலத்தில் வராமல் இறந்தகாலத்தில் வருகிறது. எதிர்காலம் எளிது: 'விரும்புகிறேன்' என்னும் 'ஹோச்சு' குறுகி ஒட்டிக்கொள்ள, 'பீஸச்சு' (எழுதுவேன்) கிடைக்கிறது. செர்பியர் இதை ஒரே சொல்லாகவும் குரோவாசியர் இரண்டாகப் பிரித்தும் எழுதுவார்கள், ஒலிப்பு ஒன்றே.

உங்கள் கேள்வியின் உயிர் அந்த 'ந' என்னும் முன்னொட்டில்தான் இருக்கிறது. 'பீஸலா ஸம் பிஸ்மோ' என்றால் கடிதம் எழுதினேன், எழுதிக்கொண்டிருந்தேன் என்று பொருள். முடித்தேனா என்பது அதில் இல்லை. 'நபீஸலா ஸம் பிஸ்மோ' என்றால் எழுதிவிட்டேன். நாம் 'விடு' என்ற துணைவினையைப் பின்னால் சேர்த்துச் சொல்வதை அவர்கள் முன்னொட்டாக வைத்து, நபீஸத்தி என்று தனி வினையாகவே அகராதியில் சேர்த்துவிடுகிறார்கள். இவ்வினையின் நிகழ்கால வடிவமான 'நபீஷெம்', இந்த நொடியில் எழுதிக்கொண்டிருப்பதைக் குறிக்காது. 'எழுதி முடித்ததும்' போன்ற துணைத்தொடர்களில்தான் பெரும்பாலும் வரும். தமிழிலும் 'எழுதிவிடுகிறேன்' என்பது வடிவத்தால் நிகழ்காலம், பொருளால் இனிச் செய்வதாகத் தரும் வாக்கு அல்லவா? இவ்வளவு தொலைவிலுள்ள இரு மொழிகளும் இந்த இடத்தில் ஒத்துப்போவது எனக்குப் பெருவியப்பு.

ஆகவே, கடிதம் என்னவாயிற்று என்று தோழி கேட்டால், முடித்திருந்தால் 'நபீஸலா ஸம்' என்று சொல்லுங்கள்; பாதியில் இருந்தால் 'பீஷெம்' போதும்.