வாட்ஸ்அப்பில் வந்த போலீஸ் நோட்டீஸ்: தம்பி போகத்தான் வேண்டுமா?

உங்கள் தம்பிக்கு வெளியூர் காவல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருக்கிறது, மூன்று நாளில் வராவிட்டால் கைது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பதற்றத்தை விடுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்ஐஆர் எண், சட்டப்பிரிவு, அதிகாரியின் பெயர், கையெழுத்து இருக்கின்றனவா? அதிலுள்ள செல் நம்பருக்குக் கூப்பிடாமல், அந்த நிலையத்தின் எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள். இப்படி வருவதில் மோசடியும் நிறைய. பணம் கேட்டால் பேச்சே வேண்டாம்.

நோட்டீஸ் உண்மையானதுதான் என்றால், உச்ச நீதிமன்றம் உங்கள் பக்கம் இருக்கிறது. சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் 2025 ஜனவரியில், பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35ஆம் பிரிவின்படி விசாரணைக்கு வரச்சொல்லி போலீஸ் தரும் நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால் செல்லாது என்று சொன்னது. அதை மாற்றக் கேட்டு ஹரியானா அரசு போனபோது, அதே ஆண்டு ஜூலையில் மறுத்துவிட்டது. காரணம் நியாயமானது: இந்த நோட்டீஸுக்குப் போகாவிட்டால் கைது செய்யலாம். ஒருவருடைய சுதந்திரமே அதில் இருக்கிறது. நீதிமன்றச் சம்மனை மின்னணு வழியில் அனுப்ப இடம் தரும் அதே சட்டம், இதற்கு இடம் தரவில்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், அதுதான் என் கவலை. "விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார், நோட்டீஸை முறைப்படி நேரில் கொடுங்கள்" என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடிதத்தை அனுப்புமுன் ஒரு கிரிமினல் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். எந்தச் சட்டப்பிரிவு என்று இங்கே எழுதினால், முன்ஜாமீன் தேவையா என்று பார்க்கலாம்.