தோப்பை விற்றுத்தான் போக வேண்டுமா?

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, நான்கு வருடமாக ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறான். மாதம் 16,000 ரூபாய். கனடாவில் ஒரு வருடம் படித்தால் அங்கேயே வேலையும் கிடைக்கும், குடியுரிமையும் கிடைக்கும், மொத்தம் 20 லட்சம் ஆகும் என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். என் அப்பா எனக்குக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பை விற்றுத் தரச் சொல்கிறான் மகன். என் வீட்டுக்காரரோ, "பிறந்த நாட்டை விட்டுப் போகிறவன் எனக்கு மகனே இல்லை" என்கிறார். மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகன் போகலாமா, இங்கேயே இருப்பதுதான் சரியா?

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: போகட்டும் அம்மா. ஆனால் தோப்பை விற்காதீர்கள். இந்த ஏஜெண்ட் சொல்லும் வழியிலும் போக வேண்டாம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன். ஐயா, ஊரை விட்டுப் போவது நம் பக்கத்துக்குப் புதிதா? தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பழைய சேலம் மாவட்டமாக இருந்த காலத்திலேயே, பஞ்சம் துரத்த, கங்காணி பின்னால் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் நம் ஆட்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தருமபுரி பஸ் நிலையத்தில் போய் நில்லுங்கள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் வந்தவர்கள் பையும் பாத்திரமுமாகப் பெங்களூர் பஸ் ஏறுவார்கள். சித்தாள் வேலைக்கும் கம்பி கட்டும் வேலைக்கும் போகிறவர்கள். பிள்ளைகள் பாட்டியிடம் ஊரில் இருக்கும். அங்கே மொழி வேறு, அரசாங்கம் வேறு, ரேஷன் கார்டு செல்லாமல் தவித்த காலமும் உண்டு. அவர்களை யாரும் மண்ணை விட்டவர்கள் என்று திட்டுவதில்லை. உங்கள் மகன் விமானம் ஏறினால் மட்டும் அது துரோகம் ஆகிவிடுமா? நான்கு வருடம் ஒரே லைனில் நின்று, நிரந்தரம் ஆகாமல், அடுத்த வருடம் கேட்டுக்கு உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் இருக்கிற பையன் அவன். அவன் வேறு இடம் தேடுவதில் தப்பே இல்லை. நாட்டுப்பற்றைக் காட்டி அவனை அந்த லைனிலேயே நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி தோப்பு விஷயம். இதைப் பற்றிப் பேசினால் எனக்கு என் சித்தப்பா ஞாபகம் வந்துவிடும். 1989-ல் இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தை விற்றுக் குவைத் போனார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. சொன்ன வேலை, சொன்ன சம்பளம். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். அதில் அவரும் ஒருவர். ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். அப்புறம் பல வருடம், தான் விற்ற அதே நிலத்தில் கேழ்வரகு அறுக்கக் கூலிக்குப் போனார். நான் பார்த்திருக்கிறேன். நிலம் கையில் இருந்திருந்தால் அந்த மனிதர் திரும்பி வந்து மூச்சு விட்டிருப்பார். ஏமாற்றுக்காரன் யாரும் இல்லாமலேயே இப்படி நடக்கும் என்பதால்தான் சொல்கிறேன், பயணச் செலவுக்கு நிலத்தை விற்கக் கூடாது.

தம்பி ஒரு சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டில் குடியேறிய இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டால் நம் நாட்டுக் குடியுரிமையும் போய்விடும், ஓட்டும் போய்விடும். அதற்குப் பதிலாக, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம் ஆட்களுக்குத் தரும் ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டும் தோப்பு வாங்க முடியாது. ஏற்கெனவே சொந்தமாக இருப்பதை வைத்துக்கொள்ளலாம், பெற்றோர் வழியில் வருவதைப் பெறலாம், அவ்வளவுதான். 'நாலு வருஷத்தில் சம்பாதித்து இதே மாதிரி இரண்டு தோப்பு வாங்கித் தருகிறேன்' என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். மனதார நம்பித்தான் சொல்லியிருப்பார். அங்கேயே தங்கிவிட்டால் சட்டம் அதற்கு விடாது.

தோப்பால் என்ன வருமானம் என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். 2025 பருவத்தில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு. கூழ் தொழிற்சாலைகள் சொல்வதுதான் விலை. நம் காய் டின்னில் அடைபட்டு வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது, நமக்கு வந்து சேருவது கொஞ்சம்தான். ஆனாலும் அந்த மரங்கள் உங்களிடம் மாதத் தவணை கேட்பதில்லை அம்மா. கெட்ட வருடம் போனால் நல்ல வருடம் ஒன்று வரும். வட்டிக்கு அந்தக் குணம் கிடையாது.

மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோப்பு உங்கள் அப்பா தன் மகளுக்குக் கொடுத்தது. உங்கள் காலத்துக்குப் பிறகு மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் உண்டு. அவளும் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போக வேண்டும். அவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமல் விற்காதீர்கள்.

சரி, கனடா. அந்த ஏஜெண்ட் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். படிப்புக் கட்டணமும் டிக்கெட்டும் போக, வாழ்க்கைச் செலவுக்கு என்று மாணவர் காட்ட வேண்டிய தொகையை 2024 ஜனவரியில் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரேயடியாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மாதமே மாணவர் விசாக்களுக்கு உச்சவரம்பும் போட்டார்கள். ஒரு வருடப் படிப்பு படித்தால் அதற்குப் பின் கிடைக்கும் வேலை அனுமதியும் ஏறக்குறைய ஒரு வருடத்துக்குத்தான். 2024 நவம்பர் முதல், கல்லூரி டிப்ளமோ படிப்பவர்களுக்குக் குறிப்பிட்ட துறைகளில் படித்தால் மட்டுமே அந்த அனுமதி. ஏஜெண்ட் எழுதிக் கொடுத்திருக்கும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தம்பி கேட்டாரா? அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு வயது, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு அந்த அரசாங்கம் தேர்ந்தெடுக்கிறது. கிருஷ்ணகிரியில் அலுவலகம் வைத்திருப்பவர் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். 'படிக்க அனுப்புகிறேன்' என்று சொல்பவருக்கு அந்தச் சட்டத்தில் பதிவும் கிடையாது, வரம்பும் கிடையாது. அது மட்டுமில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா, மலேசியா முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அவருடைய ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்த்து அனுமதி தர வேண்டும். டிப்ளமோ படித்த உங்கள் மகனுக்கு அந்தச் சோதனையே இல்லை. படித்தவர் தானே பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நினைக்கிறது. ஆனால் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி சுற்றுலா விசாவில் போய், மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி 2022-ல் மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் படித்தவர்கள்தான். ஏஜெண்ட் வார்த்தையை மட்டும் நம்பிப் புறப்படுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பகுதி பக்கத்து மாநிலத்திலேயே பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலி வேலை என்று கூட்டிப்போனதாகத்தான் அவர்கள் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள்.

அப்படியானால் எப்படிப் போவது? கைத்தொழிலையும் மொழியையும் வைத்துப் போகட்டும். ஜெர்மனி 2024-ல் இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாவை வருடத்துக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்தியது. அங்கே தொழிற்கூடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் தொழிற்பயிற்சி முறை உண்டு. பெரும்பாலும் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதாமாதம் அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். அதற்குக் கேட்பது பி1 அளவுக்கு, அதாவது அன்றாட விஷயங்களைத் தானே பேசிச் சமாளிக்கும் அளவுக்கு, ஜெர்மன் மொழி. ஜப்பானும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு 2019 முதல் தனி விசா தருகிறது. மொழித் தேர்வும் தொழில் தேர்வும் தேற வேண்டும். முதல் நிலையில் ஐந்து வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. எந்தத் தொழிலுக்கு இந்தியாவில் தேர்வு நடக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும். மொழி கற்க ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும். செலவு அந்த ஏஜெண்ட் சொல்லும் 20 லட்சத்துக்குக் கிட்டவே வராது. பெங்களூர் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அங்கே வகுப்புகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது. அங்கேயும் அவர் பெயரைப் பதிந்து வைக்கட்டும்.

அந்த ஒன்றரை வருடமும் ஓசூரில் சும்மா நிற்க வேண்டாம். ஒப்பந்த லைனை விட்டு, ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் சேரட்டும். சம்பளம் முதலில் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. சிஎன்சி என்ற, கணினி சொல்கிறபடி உலோகத்தைக் கடையும் இயந்திரத்தில் பட்டன் அமுக்குகிறவர் ஆபரேட்டர். அதை அமைத்துத் தருகிற செட்டருக்கும், புரோகிராம் எழுதுகிறவருக்கும் மதிப்பே வேறு. ஜெர்மன்காரர் அந்தத் திறமையைத்தான் கேட்பார். ஒருவேளை அவர் மனம் மாறி இங்கேயே இருந்துவிட்டால் ஓசூர்க்காரரும் அதையேதான் கேட்பார். மொழித் தேர்வில் தேறி, ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகு டிக்கெட்டுக்குப் பணம் குறைகிறது என்றால், அடுத்த பருவத்துக் காயைப் பூவிலேயே குத்தகைக்கு விடுங்கள். வேர் உங்களிடம் இருக்கட்டும்.

ஏஜெண்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீது இருக்கிறதா பாருங்கள். பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்து வைத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கி வரச் சொல்லுங்கள். காய் பறிப்புக்கு மகனை இரண்டு நாள் லீவு போட்டு வரச் சொல்லுங்கள் அம்மா. அப்பாவும் மகனும் ஒரே மரத்தடியில் கூடை எடுத்தால் பேசாமல் இருக்க முடியாது. மகளும் கூட இருக்கட்டும்.