வாசகர் கேள்வி – பதில்: ரஷ்யப் பேச்சுவழக்கு

கேள்வி: மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். சோதனைக்குப் போகும்போது கூடப் படிக்கிற பிள்ளைகள் "நி பூஹா, நி பெரா" என்றார்களாம். இவன் "ஸ்பசீபா" என்று நன்றி சொல்ல, எல்லோரும் "ஐயோ" என்றார்களாம். என்ன பிழை?
– வாசகி, கோண்டாவில்

பதில்: நன்றி சொன்னதுதான் பிழை. இது வேட்டைக்காரரிடமிருந்து வந்த வாழ்த்து. 'பூஹ்' மென்மயிர், 'பெரோ' இறகு. மிருகமும் அகப்படாமல், பறவையும் அகப்படாமல் போகட்டும் என்பது நேர்ப்பொருள். நல்ல வேட்டை கிடைக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் கெட்ட ஆவி கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் தலைகீழாகச் சொன்னார்கள். பிள்ளை வடிவு என்று சொன்னால் நாவூறு படும் என்று நாங்கள் பயப்படுவதும் இதே கணக்குத்தான்.

மறுமொழி ஒன்றே ஒன்று: "க் ச்சோர்த்து!" ('மச்சான்' என்பதில் வரும் 'ச்ச' ஒலி). 'பிசாசிடம்' என்று அர்த்தம். பெற்ற தாய் வாழ்த்தினாலும் இதையே சொல்லலாம், கோபிக்க மாட்டார். நன்றி சொன்னால் வாழ்த்துப் பலிக்காது என்பது அவர்களின் நம்பிக்கை. 'ஸ்பசீபா' என்பதே 'கடவுள் காப்பாற்றட்டும்' என்ற தொடர் சுருங்கி வந்த சொல். மகனுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: வாழ்த்துக்குப் பதிலாக அல்லாமல், முன்னால் 'இதீ' சேர்த்து "இதீ க் ச்சோர்த்து" என்றால் அது வெறும் ஏச்சு.

கேள்வி: சோதனைக்கு முதல்நாள் இரவு யன்னலால் "ஹல்யாவா" என்று கத்துவார்களாமே?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: 'ஹல்யாவா' என்றால் காசும் கொடாமல், பாடும் படாமல் கிடைப்பது. 'ல்யா'வில் அழுத்தம். புள்ளிகள் பதியும் 'ஸச்சோத்கா' என்ற சிறு புத்தகத்தை விரித்து யன்னலுக்கு வெளியே நீட்டி, "ஹல்யாவா, பிரிதீ!" (இலவசமே, வா!) என்று மூன்று தரம் கூப்பிடுவார்கள். பிறகு புத்தகத்தை மூடிக் கட்டிவிட வேண்டும். சோதனைக்கு முன் திறந்தால் வந்தது பறந்துவிடுமாம். படித்தவர்களும் கத்துகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

மூலம் பற்றி இழுபறி உண்டு. உக்ரேனிய மொழியில் இன்றும் இந்தச் சொல் பூட்ஸின் குழாய்ப் பகுதியைக் குறிக்கும். பூட்ஸுக்குள் பொருளை ஒளித்துக் கொண்டுபோனதால் வந்தது என்ற விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எபிரேய மொழியில் பாலைக் குறிக்கும் 'ஹலாவ்' என்ற சொல்லோடு முடிச்சுப் போடும் கதையை நாம் நம்பவில்லை.

கேள்வி: விருந்தினர் விடுதி நடத்துகிறேன். இரவுச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் ரஷ்யர் ஒருவர் "தா நியெத், நவேர்னயே" என்கிறார். ஓம், இல்லை, அநேகமாக! சமைக்கவா, விடவா?
– வாசகர், நல்லூர்

பதில்: விடுங்கள். இங்கே 'தா' என்பது 'ஓம்' அல்ல. அடுத்து வரும் 'நியெத்'தோடு ஒட்டும் வெறும் அசை. பதில் 'இல்லை'. 'நவேர்னயே' அதை மெதுவாக்குகிறது: 'அநேகமாக வேண்டாம்'. 'தா'வுக்குப் பின் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனியுங்கள். பிறகு மனம் மாறி வந்து நிற்கலாம், 'அநேகமாக' என்றாரே! உறுதியாகத் தெரிய வேண்டுமானால் "தாக் தா இலீ நியெத்?" (அப்ப ஓமா, இல்லையா?) என்று சிரித்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: கோப்பை விழுந்தாலும் 'பிளின்', பஸ் போனாலும் 'பிளின்' என்கிறார்களே?
– வாசகர், சுன்னாகம்

பதில்: 'பிளின்' மெல்லிய மாவுப் பண்டம். தவக்காலத்துக்கு முந்திய மாஸ்லெனித்சா வாரத்தில் வீட்டுக்கு வீடு சுடுவார்கள். அதே எழுத்துகளில் தொடங்கும் தூஷணச் சொல் ஒன்று வாய்க்கு வரும்போது பாதியில் திருப்பி இதைச் சொல்லிவிடுகிறார்கள். நண்பர்களிடம் சரி, விரிவுரையாளர் முன்னால் வேண்டாம்.

கேள்வி: வைத்தியரைக் குறிக்கும் 'வ்ராச்', பொய் சொல்லுதல் என்ற 'வ்ராத்'திலிருந்து வந்ததாமே?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: வேர் அதுதான். ஆனால் 'வ்ராத்'தின் பழைய பொருள் வெறுமனே 'பேசுதல்'. மந்திரம் முணுமுணுத்து நோய் தீர்ப்பவர் 'வ்ராச்'. பொய் என்ற பொருள் பிறகு ஏறியது. இது தொழிலின் பெயர் மட்டுமே. நேரில் கூப்பிட 'தோக்தர்' என்று சொல்லுங்கள்.