கல் பூதத்தின் மேல் ஏறி உட்காருங்கள்

கேம் கேள்வி பதில்

கேள்வி: பேட்மேன் ஆர்க்கம் அசைலம் விளையாடுகிறேன். கைச்சண்டை நன்றாக வருகிறது. துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் அறைக்குள் போனால் மட்டும் திரும்பத் திரும்பச் செத்துப்போகிறேன். ஓடிப்போய் அடித்தால் என்ன தப்பு?
கல்லூரி மாணவர், பாபநாசம்

பதில்: தம்பி, அந்த அறைகளில் ஓடுகிறவன் சாக வேண்டும் என்றுதான் கேமையே அமைத்திருக்கிறார்கள். கைச்சண்டையில் பத்துப் பதினைந்து பேரைச் சமாளிக்கிற அதே பேட்மேன், இரண்டு பேர் சேர்ந்து சுட்டால் சில நொடிகளில் விழுந்துவிடுவார். 2009-இல் லண்டனின் ராக்ஸ்டெடி ஸ்டுடியோ செய்த இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். இந்த நாயகன் மனுஷன், குண்டு பட்டால் சாவான்.

அறைக்குள் நுழைந்ததும் கொக்கிக் கயிற்றை வீசி மேலே போய்விடுங்கள். சுவரோரமாகத் துருத்திக்கொண்டு கல் பூதங்கள் இருக்கும், கார்காயில் என்பார்கள். மேல்நாட்டுத் தேவாலயங்களில் கூரையின் மழைத் தண்ணீர் அவற்றின் வாய் வழியாகத்தான் வெளியே கொட்டும். நம் கோயில் கருவறையின் வடக்குச் சுவரில் அபிஷேகத் தண்ணீர் வெளியேற கோமுகி இருக்கிறதே, ஏறக்குறைய அந்த வேலைதான். அதன் மேல் உட்கார்ந்து ஒரு நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். நீங்கள் பாபநாசத்துக்காரர், குடமுருட்டிக் கரையில் கம்பி மேல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். அது தண்ணீருக்குள் இறங்கித் தேடிக்கொண்டிருப்பதில்லை. எந்த மீன் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

அப்படிப் பாருங்கள். யார் எந்த வழியாக நடக்கிறான், யார் தனியாகத் திரும்புகிறான் என்பது புரிந்துவிடும். டிடெக்டிவ் மோடைப் போட்டால் துப்பாக்கி வைத்திருப்பவன் சிவப்பாகவும் வெறுங்கையோடு இருப்பவன் நீலமாகவும் சுவர் தாண்டித் தெரிவார்கள். கணக்குப் பார்த்துக்கொண்டு அதை அணைத்துவிடுங்கள். எந்நேரமும் அதிலேயே இருந்தால் கதை நடக்கும் தீவின் இருட்டு, ஈரச் சுவர், விளக்கு வெளிச்சம் எதையும் பார்க்காமலே கேம் முடிந்துபோகும்.

எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளிகள் கிடைத்ததும் தலைகீழ் டேக்டவுன் என்ற ஆளை வீழ்த்தும் உத்தியை முதலில் வாங்குங்கள். பூதத்துக்கு நேர் கீழே ஒருவன் வந்தால் கயிற்றில் தொங்கி அவனை மேலே இழுத்துக் கட்டிவிடலாம். அவன் அலறுவான், மற்றவர்கள் ஓடி வருவார்கள். அதற்குள் நீங்கள் வேறு பூதத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கிருந்து பேட்டராங் என்ற வௌவால் வடிவ எறிகருவியை வீசிக் கயிற்றை அறுத்தால் தொங்குகிறவன் அவர்கள் நடுவில் வந்து விழுவான். ஒவ்வொருவனின் இதயத் துடிப்பையும் டிடெக்டிவ் மோடு காட்டும். அமைதியாக இருந்தவன் பதற்றப்பட்டு, அப்புறம் பீதியில் நிலைகுலைவதைக் கண்ணால் பார்க்கலாம். உங்களுடைய உண்மையான ஆயுதம் அந்தப் பயம்தான்.

நான் கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் ஒரு பையன் ஒரே அறையில் நாற்பது நிமிடம் மேலேயே இருந்தான். கடைசியில் ஒருவன் மட்டும் மிச்சம். துப்பாக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு நடுங்கினான். பையன் சத்தமில்லாமல் அவனுக்குப் பின்னால் இறங்கியபோது, நாற்காலியைச் சுற்றி நின்ற ஆறேழு பேரில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கதை பாதி தாண்டியதும் வில்லன் ஜோக்கர் அந்தப் பூதங்களிலேயே வெடி வைத்துவிடுவான். அப்போது தரைக்கு அடியில் இருக்கும் கம்பி வலைப் பாதைகள் கை கொடுக்கும். எனவே இப்போதே அவற்றையும் பழகுங்கள்.

கேள்வி: ஆர்க்கம் அசைலம் கைச்சண்டையில் பட்டனை எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் காம்போ, அதாவது விடாமல் தொடரும் அடிகளின் எண்ணிக்கை, ஏழைத் தாண்ட மாட்டேன் என்கிறது.
பாலிடெக்னிக் மாணவர், மன்னார்குடி

பதில்: வேகமாக அமுக்குவதால்தான் தாண்டவில்லை. என் தாத்தா தவில் வாசித்தவர். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் உடனே தவிலைக் கொடுக்க மாட்டார். தொடையில் தட்டிக்கொண்டு தா, தி, தொம், நம் என்று வாயால் சொல்ல வைப்பார், அதுவும் ஒரே தாள வேகத்தில், நாள் கணக்கில். கை முந்தினால் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கேமின் சண்டையை விளையாடும்போதெல்லாம் அவர் நினைவு வரும். ராக்ஸ்டெடி முதலில் செய்து பார்த்த சண்டை முறையே முழுக்கத் தாளத்தை வைத்து ஆடும் கேமாகத்தான் இருந்தது என்று பின்னர் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு அடி போய் விழட்டும், அப்புறம் அடுத்த பட்டன். எதிரியின் தலைக்கு மேல் மின்னல் கோடு தெரிந்தால் அடியை விட்டுவிட்டு கவுண்டர், அதாவது எதிரடிப் பட்டன். கத்தி வைத்திருப்பவனை மேலங்கியை வீசித் திகைக்க வைத்து அடியுங்கள். மின்சாரத் தடி வைத்திருப்பவனை முன்னால் தொட்டாலே ஷாக், தாண்டிக் குதித்து முதுகுப் பக்கம் போங்கள். காம்போ 8 ஆனதும் ஸ்பெஷல் டேக்டவுன் திறக்கும். அப்கிரேடு வாங்கினால் 5-லேயே கிடைக்கும்.

கேள்வி: அடுத்து எதை விளையாடலாம்?
வாசகர், திருவாரூர்

பதில்: 2011-இல் வந்த ஆர்க்கம் சிட்டி. மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லனோடு வரும் சண்டைக்காகவே விளையாடலாம். அவரிடம் ஒரு உத்தி ஒரு தடவைதான் பலிக்கும், பின்னாலிருந்து பிடித்தால் மறுமுறை அந்த வழியை அடைத்துவிடுவார். நீங்கள் கற்றதெல்லாம் அங்கே பரீட்சைக்கு வரும். பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். வசன எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு போகாமல், அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இந்த கேமை விளையாடலாமா? பயமாக இருக்கிறது.
ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: அம்மா, கேம்களுக்கு வயது முத்திரை தரும் அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி அமைப்பு அசைலத்துக்குத் தந்தது டீன் முத்திரை, அதாவது 13 வயது முதல். 2015-இல் வந்த ஆர்க்கம் நைட்டுக்கு 17 வயது ஆக வேண்டும், அது இப்போது வேண்டாம். பேட்மேன் யாரையும் கொல்வதில்லை, அடித்து மயக்கம் போட வைப்பதோடு சரி. ஆனாலும் இது மனநோயாளிகளும் குற்றவாளிகளும் அடைபட்ட ஒரு தீவில் நடக்கும் கதை, சில காட்சிகள் பெரியவர்களையே உலுக்கும். ஸ்கேர்குரோ என்ற வில்லன் வரும் இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதில் ஓரிடத்தில் திரை கோடு கோடாக உடைந்து கேம் முதலிலிருந்து தொடங்குவது போலக் காட்டும். என் சென்டரில் ஒரு சின்னப் பையன் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அது கதையில் சேர்ந்ததுதான், அவன் கை வைத்து எதுவும் கெடவில்லை என்று அந்த நேரத்தில் சொல்ல ஒருவர் அருகில் இருந்தால் போதும்.