ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தால் குழந்தைக்குத் தொற்று உறுதியா?

இல்லை. 10 வாரக் கர்ப்பத்தில் உங்கள் மனைவிக்கு, கருவுக்கும் பரவக்கூடிய சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிரான ஐஜிஜி, ஐஜிஎம் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) இரண்டும் பாசிட்டிவ் என்று வந்திருப்பது குழந்தையைப் பற்றி எதையும் உறுதிப்படுத்தவில்லை. தயவுசெய்து இந்த ஓர் அறிக்கையை மட்டும் வைத்துக் கருக்கலைப்பு முடிவுக்குப் போய்விடாதீர்கள்.

ஐஜிஎம் தொற்றுக்குப் பிறகும் பல மாதங்கள் ரத்தத்தில் நீடிக்கக்கூடியது. உடலில் உறங்கிக் கிடக்கும் பழைய வைரஸ் மீண்டும் கிளர்ந்தாலும், எப்ஸ்டீன்-பார் போன்ற வேறு வைரஸ் தொற்றினாலும்கூட அது பாசிட்டிவ் காட்டலாம்.

1. 'ஐஜிஜி அவிடிட்டி' பரிசோதனையை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். ஐஜிஜி வைரஸை எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது என்பதே அவிடிட்டி; தொற்று பழையதாக ஆக அது உயரும். 10 வாரத்தில் அது உயர்வாக இருந்தால், தொற்று பெரும்பாலும் கருத்தரிப்பதற்கு முன்பே ஏற்பட்டது. நாள் தள்ளிப்போனால் இந்த விடையின் மதிப்பு குறைந்துவிடும்.

2. அவிடிட்டி குறைவாக இருந்தால் அண்மைத் தொற்றாக இருக்கலாம். அப்போதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கர்ப்பங்களில்தான் வைரஸ் குழந்தையை அடைகிறது. உடனே கருநல மருத்துவரைப் பாருங்கள். பனிக்குட நீர்ப் பரிசோதனை 17 வாரத்துக்குப் பிறகே பயன்தரும்.

வீட்டருகே திரியும் குரங்குகளிடமிருந்து வந்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். குரங்கினங்களுக்கு அவற்றுக்கே உரிய சைட்டோமெகலோ வைரஸ்கள் உண்டு. மனிதரைத் தொற்றுவது மனித வகையே. உங்கள் இரண்டு வயது மகனின் எச்சிலும் சிறுநீரும்தான் கவனிக்க வேண்டியவை: அவன் மிச்சம் வைத்த சோற்றை அம்மா உண்ண வேண்டாம், டயப்பர் மாற்றியதும் சோப்பால் கைகழுவட்டும்.

அவிடிட்டி உயர்வாக வந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை என்பதால், குழந்தை பிறந்து 21 நாட்களுக்குள் அதன் சிறுநீரை பிசிஆர் முறையில் (வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும் சோதனை) பரிசோதிப்பது பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.